இரும்பு படாத அலமாரி

என் இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்ட தழும்பு ஒன்று உண்டு. எங்கள் அடுப்படி அலமாரியின் கதவு தந்தது. கதவைக் குறை சொல்ல மாட்டேன். அது திறந்துதான் கிடந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

எனக்குக் கண் அழுத்த நோய். இந்த நோய் உள்ளவர்களுக்கு நேர் எதிரே இருப்பது தெரியும். ஓரங்களில் இருப்பதுதான் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல அழிந்துகொண்டே வரும். பப்பாளித் தண்டைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ, ஐம்பது வயதில் என் பார்வை அப்படி ஆகியிருந்தது. எதிரே வருகிறவளின் மூக்குத்தி தெரியும், அவள் இடுப்பில் இருக்கும் குடம் தெரியாது. "போனது போனதுதாம்மா. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்துவோம்" என்று மதுரையில் டாக்டர் சொல்லி, தினமும் ஊற்றிக்கொள்ளச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்.

அந்த அலமாரி, ராஜபாளையத்தில் நாங்கள் வீடு கட்டியபோது கடையில் ரெடிமேடாக வாங்கியது. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் மினுமினுப்பாக ஒரு தாள். வாங்கும்போது கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. சில வருஷத்தில் கீல்களைப் பிடித்திருந்த ஸ்க்ரூ எல்லாம் லொடலொடத்துவிட்டன. கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு தானாகத் திறந்துகொள்ளும். புரட்டாசியில் ஒரு நாள் காலை, அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு அவசரமாகத் திரும்பினேன். கதவின் முனை நெற்றியில் ஏறிவிட்டது.

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அதிகம் பேச மாட்டார். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, பைக்கில் என்னைக் கூட்டிவந்து, கட்டிலில் உட்கார வைத்து, அவரே காபி போட்டுக் கொடுத்தார். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டார். ஸ்க்ரூ கழற்றுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் வாசலில் நின்றேன்.

"என்னங்க, இன்னைக்கே பண்ணணுமா?"

"இன்னைக்கேதான்."

சாயங்காலத்துக்குள் அலமாரி சுவரில் இல்லை. பின்வாசலில் பலகை பலகையாகக் கிடந்தது. அவர் ஏதோ ஒன்றை அள்ளிவந்து என் உள்ளங்கையில் கொட்டினார்.

"தொட்டுப் பாரு. ரவை மாதிரி உதிருது. ஸ்க்ரூ மேல குத்தமே இல்ல. புடிச்சுக்க ஒண்ணும் இல்லாத இடத்துல அது என்ன செய்யும்?"

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அப்பா, ஆளைக் கூப்பிட்டு மாடுலர் கிச்சன் போட்டுருங்க" என்றாள். அவர், "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி என்னிடம் போனைக் கொடுத்துவிட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்றால் தானே செய்யப் போகிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. மில்லில் ஓடாத மிஷினை ஓட வைத்தவர். ஆனால் வீட்டில் ஒரு முக்காலிகூட மரத்தில் செய்தவர் இல்லை.

முதலில் அவர் கைக்குப் பழகிய வழியில்தான் செய்தார். மேடைக்கு அடியில் வைக்க ஒரு பெட்டி. நல்ல கனமான பிளைவுட், மூலைக்கு மூலை இரும்பு எல்-ஆங்கிள், போல்ட்டு, நட்டு, வாஷர். பெட்டியின்மேல் ஏறி நின்று காட்டினார். அசையவில்லை.

"யானையே ஏறி நின்னாலும் தாங்கும்" என்றார். அவர் வாயிலிருந்து அம்புட்டுச் சொல் வந்ததே பெரிது.

இரண்டாம் நாள் புளி எடுக்க அதற்குள் கை விட்டேன். நான் எதையும் பார்த்து எடுக்கிறவள் இல்லை. எனக்குக் கைதான் முன்னால் போகும், கண் அதற்குப் பின்னால்தான் வரும். பெட்டியின் உள்மூலையில் இருட்டுக்குள் அந்த ஆங்கிளின் விளிம்பு நடுவிரலைக் கிழித்துவிட்டது. புளியில் ரத்தம்.

அவர் அரத்தை எடுத்து வந்து ஆங்கிள் விளிம்பை எல்லாம் ராவினார். ஒரு மணி நேரம் ராவினார். "இப்ப தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். விளிம்பு மழுங்கியிருந்தது. ஆனால் போல்ட்டின் மரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நட்டின் மூலைகள் இருந்தன.

"எங்க கை விட்டாலும் இரும்பு இருக்குங்க" என்றேன். "எனக்கு உள்ள இரும்பே வேண்டாம்."

"இரும்பு இல்லாம எப்பிடி நிக்கும்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான ஃபிட்டரு."

இரண்டு நாள் என்னோடு அவர் சரியாகப் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். ஊரில் பழைய கதவு, நிலை, ஊஞ்சல் எதைக் கண்டாலும் அருகில் போய் மூலைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகையில் கண் பரிசோதனைக்காக மதுரை போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும், "இறங்கு" என்றார். பால்கோவா வாங்கத்தான் என்று நினைத்து இறங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் பின்புறத் தெரு ஒன்றில் நடந்தார். மரத்தூள் வாசனை வந்தது. ஒரு தச்சுப்பட்டறை.

பட்டறைக்காரருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சுற்றிலும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். இரும்பு இல்லாமல் அலமாரி வேண்டும், ஆனால் தானே செய்ய வேண்டும், எந்த மூட்டு எங்கே போடுவது என்று மட்டும் தெரிய வேண்டும்.

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, நான் செஞ்சு குடுத்தா பத்து நாள்ல முடிஞ்சிரும். நீங்க செஞ்சா ஒரு வருசம் ஆகும்."

"ஆகட்டும்."

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அருகில் சாய்த்திருந்த கதவு ஒன்றைத் தடவிக்கொண்டு நின்றேன். வழவழப்பாக இருந்தது. மேல்சட்டமும் பக்கச்சட்டமும் சேரும் இடத்தில் என் கட்டைவிரல் எதிலோ ஏறி இறங்கியது. மயிரிழை மேடு. திரும்பவும் தடவினேன். இருந்தது.

"தம்பி, இங்க ஒரு சட்டம் லேசா மேல நிக்குதே" என்றேன்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். "ஆமாக்கா" என்றார். குரல் மாறியிருந்தது. "நாளைக்குப் போக வேண்டிய கதவு. எனக்கே தெரியல."

அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. கழிவு மரத்துண்டுகள் சிலவற்றை எடுத்து, மிஷினை நிறுத்திவிட்டு வாளாலும் உளியாலும் ஆறு மூட்டுகள் வெட்டிக் காட்டினார். ஒவ்வொன்றையும் முதலில் என் கையில்தான் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும். அவர் வேலையெல்லாம் காத்துக்கொண்டு கிடந்தது. அன்று அவர் எங்களுக்குக் கொடுத்த அந்த நேரத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

"எது பெரிய மூட்டு, எது சின்ன மூட்டுன்னு பாக்காதீங்க அண்ணாச்சி. அந்த எடத்துல என்ன பாரம், எந்தப் பக்கம் இழுப்பு, அதை மட்டும் பாருங்க. தட்டுல பாரம் கீழ இறங்கும். டிராயரை ஆள் முன்னாடி இழுப்பாங்க. கதவுச் சட்டம் கோணிக்கிட்டுப் போகப் பாக்கும். மூணுக்கும் ஒரே மூட்டு சரிப்படாது."

ஆறு மூட்டுகளும் ஒரு மஞ்சள் பையில் எங்களோடு ராஜபாளையம் வந்தன. பால்கோவா வாங்க மறந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று பல நாள் உட்கார்ந்தோம். அவர் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்ப்பேன். ஒன்று, இரண்டு கட்டைகளை முட்டுக்கு முட்டு வைத்து ஆணி அடித்தது. அதை அவரே ஒதுக்கிவிட்டார். இன்னொன்று, இரண்டிலும் பாதிப் பாதி கனத்தைச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைத்தது. செய்ய சுலபம், ஆனால் கொஞ்சம் முறுக்கினால் அசைந்தது. மூன்றாவது, பலகையில் நீளமாகக் காடி வெட்டி அதற்குள் இன்னொரு பலகையின் விளிம்பைச் செருகுவது. நான்காவது, ஒரு கட்டையில் குழி, மற்றொன்றில் அந்தக் குழிக்குள் போகும் நாக்கு. ஐந்தாவது மிக அழகாக இருந்தது. விரித்த விசிறி மாதிரி பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். இழுத்தால் வராது. ஆறாவது, ஓரத்தில் படி மாதிரி வெட்டி, அதில் பக்கப்பலகையை உட்கார வைத்து, மூங்கில் ஆணி இறக்கியது.

தட்டுகளுக்குக் காடி என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. பாரத்தைப் பலகையே தாங்கிக்கொள்ளும், பசையை நம்பி நிற்க வேண்டியதில்லை. சட்டத்துக்கும் கதவுக்கும் குழியும் நாக்கும். கீல் வேண்டாம், கதவு காடியிலேயே பக்கவாட்டில் ஓடட்டும் என்றேன். ஓடுகிற கதவு யார் நெற்றிக்கும் குறுக்கே வந்து நிற்காது. சுவரில் மாட்டுவதும் வேண்டாம், நெஞ்சுயரத்துக்குத் தரையிலேயே நிற்கட்டும் என்றார் அவர்.

இழுப்பறைக்கு எது என்பதில்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அவருக்கு அந்த விசிறிப்பல் மீது ஆசை வந்துவிட்டது. எனக்குப் படியும் மூங்கில் ஆணியும் போதும் என்று தோன்றியது. "செஞ்சு பாக்கேன்" என்றார். ஒரு மாதம் செய்து பார்த்தார். முதல் மூட்டு உள்ளே போகவே இல்லை. இரண்டாவது போனது, பல் ஒன்று பிளந்துகொண்டது. மூன்றாவதன் இடைவெளிகளில் பசையும் மரத்தூளும் போட்டு அடைத்து என்னிடம் நீட்டினார். நான் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அன்று வெந்நீர் அடுப்பில் மூன்றும் எரிந்தன.

"உன் மூட்டே இருக்கட்டும்" என்றார்.

நடுவில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் பாதிதான் சொன்னதாகும்.

நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு பேண்டேஜ் துணித் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். வெளிச்சம் போட்ட கண்ணாடி மேஜையில் துணி ஓடும். விட்டுப்போன இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை எதையும் பார்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டும். என் கையைத் தாண்டிப் பழுதான துணி போகாது என்று பேர். கண் போக ஆரம்பித்தது எனக்கே தெரியாமல் இருந்த நாட்களில், நான் பார்த்து அனுப்பிய துணி கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த பழுதை எல்லாம் விட்டிருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப்பிறகு வீட்டில் பருப்பில் கல் பொறுக்கக்கூடப் பயந்தேன்.

இப்போது அவர் உளியால் வெட்டுகிற ஒவ்வொரு மூட்டையும் கொண்டுவந்து, "பாரு" என்று என் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கை ஈரம். "பாரு" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"எனக்கு ஒரு வேலை குடுக்கணும்னுதான இதெல்லாம் பண்றீங்க? சும்மா உக்காந்திருக்காளே, பாவம்னு."

அவர் மூட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் வலதுகையை என் கைமேல் வைத்தார்.

"தொட்டுப் பாரு."

அந்தக் கையை எனக்குத் தெரியாதா? ஆனாலும் தொட்டுப் பார்த்தேன். விரல்நுனி எல்லாம் காய்ச்சுப் போய் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. முப்பது வருஷத்து ஸ்பேனரும் கிரீசும் சூடான பேரிங்கும்.

"இதுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, ஏட்டி. கண்ணாடி போட்டுப் பாத்தாலும் எனக்குத் தெரியல. மில்லுல கேஜ் வச்சு அளந்து பாப்போம். மரத்துக்கு எந்தக் கேஜை வைக்க? உனக்குத் தெரியுது. அதான் உன்கிட்ட கேக்கேன். வேற ஒண்ணும் இல்ல."

அவர் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். அதனால்தான் நம்பினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, மூட்டை எடுத்துப் பார்த்தேன்.

"இடது பக்கம் நாக்கு லூசா இருக்கு" என்றேன்.

"எம்புட்டு?"

"சீட்டுக்கட்டுச் சீட்டு ஒண்ணு நுழையும்."

"சரி" என்று எடுத்துக்கொண்டு போனார்.

மரம் வேம்பு. பூச்சி வராது என்று அதை எடுத்தோம். சேத்தூர்ப் பக்கம் யாரோ வெட்டிய மரத்தை அறுவை மில்லில் பலகையாக அறுத்து வாங்கி வந்தார். தை மாதம் முன்சட்டம் முழுதும் சேர்த்து முடித்தார். குழிக்குள் நாக்கு கொட்டாப்புளியால் தட்டினால்தான் இறங்கியது, அவ்வளவு இறுக்கம். நான் நகத்தை வைத்துப் பார்த்தேன். எங்கேயும் நகம் இறங்கவில்லை. எனக்கும் பெருமைதான். அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

மாசி பிறந்து வெயில் ஏறியது. பங்குனியில் ஒரு நாள் பெருக்கும்போது அந்தச் சட்டம் காலில் பட்டது. கிரீச்சென்று ஒரு சத்தம். உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகத் தொட்டேன். நாலு மூலையிலும் என் நகம் உள்ளே இறங்கியது. தையில் இறுக்கமாக இருந்த அதே மூட்டுகள்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று காலை முழுவதும் யோசித்தேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். அவர் போய்ச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். உடனே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டார்.

"பச்சை மரம் அண்ணாச்சி" என்று பட்டறைக்காரர் சொன்னது எனக்கும் கேட்டது. "உள்ள ஈரம் இருந்திருக்கு. காஞ்சதும் நாக்கு சிறுத்துப் போச்சு. தப்பு எம்மேலதான். மரம் காஞ்சதுதானான்னு நான் கேட்டிருக்கணும்."

"நான் சொல்லியிருக்கணும்" என்றார் இவர். இரண்டு பேரும் மாறி மாறிப் பழியை எடுத்துக்கொண்டார்கள்.

சட்டத்தைப் பிரித்தார். மிச்சப் பலகைகளைக் காயவைக்க வேண்டும், ஆனால் வெயில் நேராகப் படக்கூடாது, காற்று மட்டும் போக வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இடம் இல்லை. அடுத்த வீட்டு அம்மா, தெலுங்கு பேசும் குடும்பம், என்னைவிட இரண்டு வயது சின்னவர், தன் கார் ஷெட்டைத் திறந்துவிட்டார். "காரு வெளிய நிக்கட்டும் அக்கா. மழைக்குத்தான் அது பயப்படணும், வெயிலுக்கு என்ன" என்றார். பலகைக்கு இடையில் குச்சி குச்சியாக வைத்து அடுக்கினோம். நாலு மாதத்துக்குமேல் அவர்கள் கார் தெருவில்தான் நின்றது. ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

மரம் காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? பட்டறைக்காரர் வழி சொன்னார். ஒரே பலகையை வாராவாரம் எடை போட வேண்டும். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது காய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் பலகையைத் தொங்கு தராசில் கட்டிப் பார்த்து, ஷெட் சுவரில் சாக்பீஸால் எடையை எழுதினார். தெருவில் தள்ளி நின்றே எனக்கும் படிக்கத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு எண்ணையும் ஒரு முழத்துக்கு எழுதினார். பக்கத்து வீட்டுச் சுவர் முழுக்க எண்கள். அந்த அம்மா அதையும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் எங்கள் அடுப்படிச் சாமான் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் தரையில் இருந்தன. குனிந்து குனிந்து சமைத்தேன். சீரகம் என்று சோம்பைப் போட்டிருக்கிறேன். அவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றிருக்கிறார். ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் மண்ணை வாரி இறைத்தது. பலகைக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆடி முடிய மூன்று ஞாயிறு சுவரில் ஒரே எண் வந்தது.

ஆவணியில் சேர்த்தோம். சேர்த்தார் என்று எழுதாமல் சேர்த்தோம் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பசை போட்டபின் காயுமுன் சட்டத்தை மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும், இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் கோணல் இல்லை. டேப்பில் எண் எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பிடிப்பதற்குள் பசை காய்ந்துவிடும். நான் கெட்டியான நூல் ஒன்றை ஒரு குறுக்கில் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை அடுத்த குறுக்கில் வைத்தால் முடிச்சு மூலையைத் தாண்டி அரை விரற்கடை போனது. "உங்க பக்கம் மேல, கொஞ்சம் அழுத்துங்க" என்றேன். அழுத்தினார். முடிச்சை மாற்றிப் போட்டு இரண்டு குறுக்கிலும் வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் மூலையில் வந்து உட்கார்ந்தது. பழைய சைக்கிள் ட்யூபால் சுற்றிக் கட்டி இறுக்கினார்.

"டேப்பை விட இது நல்லா இருக்கே" என்றார். அடுத்த சட்டங்கள் எல்லாவற்றுக்கும் நூல்தான்.

கதவுப் பலகைக்கு மட்டும் பசை போடவில்லை. அது சட்டத்தின் காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் சிறுக்கவும் விரியவும் இடம் வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். இழுப்பறைகளுக்கு மூங்கிலைச் சீவி ஆணி செய்து இறக்கினார். தலையை வெட்டிச் சமமாக இழைக்கப் போனபோது நான் தடுத்தேன்.

"ஒரு நெல்லு உயரம் விட்டுருங்க. மேல் டிராயர்ல ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு, அதுக்கடுத்து மூணு. தொட்டா எனக்குத் தெரியும்."

அப்படியே விட்டார். முனையை மட்டும் உப்புத்தாளால் உருட்டிவிட்டார். ஒன்றில் கடுகு, சீரகம், மிளகு. இரண்டில் பருப்பு வகை. மூன்றில் கரண்டிகள். சோம்பு இப்போது சீரகத்துக்குப் பக்கத்திலேயே இல்லை.

ஒரு சனிக்கிழமை பட்டறைக்காரர் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்கு வந்தார், திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். சாப்பிடச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னால் அடுப்படிக்குள் போய்விட்டார். கதவை ஓட்டிப் பார்த்தார், தட்டுகளுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார், தரையில் படுத்து அடிப்பக்கத்தையும் பார்த்தார். என் வீட்டுக்காரர் பரீட்சை எழுதியவர் மாதிரி வாசலில் நின்றார்.

"காடி நல்லா இருக்கு. சட்டம் நல்லா இருக்கு. கதவு செத்த கனம் கூடுதல், மெழுகு தேச்சு விடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மூட்டெல்லாம் யாரு பாத்தது, அவியளா நீங்களா?" என்றார்.

"இவதான்" என்றார் என் வீட்டுக்காரர், நான் வாய் திறக்குமுன்.

எல்லாரையும் சாப்பிட உட்கார வைத்தேன். பட்டறைக்காரருக்கு ஒரு கரண்டி சாம்பார் கூடுதலாக ஊற்றினேன். செக்கிங் பிரிவை விட்டு வந்த நாளிலிருந்து என் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஒன்று அன்றைக்கு இறங்கியது. அதை அவர்கள் இருவருக்கும் இன்றுவரை நான் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை இந்த முறை விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை மேல் இழுப்பறை திறக்கவில்லை. ஈரக்காற்றில் மரம் விரிந்து, கவ்விக்கொண்டுவிட்டது. கடுகு, சீரகம், மிளகு எல்லாம் உள்ளே. என் வீட்டுக்காரர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று போன் போட்டோம்.

"தொடாதீங்க அண்ணாச்சி" என்றார் பட்டறைக்காரர். "இப்ப சீவினா பங்குனில லொடலொடன்னு ஆடும். மழை விடட்டும், அதுவா வரும்."

அவர் இழைப்புளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொறவு திறக்கும். இன்னைக்கு என்ன செய்ய?"

"தாளிக்காம ஒரு குழம்பு வைக்கேன்" என்றேன்.

பக்கத்து வீட்டில் கேட்டால் கடுகு கொடுத்திருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தாளிக்காத குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். அதிலிருந்து மூன்றாம் நாள் மழை விட்டது. நான் தற்செயலாகக் கை வைத்தபோது இழுப்பறை தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.